சபாநாயகர் ஒருவரின் அரசியல் வாழ்வை எழுதப் புகுவோருக்கு

அமைச்சராக இருந்த ஒருவரைப் பற்றி எழுதுவது அவ்வளவு கடினமல்ல. அவர் பாராளுமன்றத்திலும் மேடையிலும் திறப்பு விழாவிலும் ஓயாமல் பேசியிருப்பார். அவற்றைக் கால வரிசையில் அடுக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும். சபாநாயகரின் கதை வேறு. சபை உரைகளின் அச்சுப் பதிவான ஹன்சாட்டில் இருபது வருடங்களாகப் பத்தி பத்தியாகப் பேசியவர், அந்த ஆசனத்தில் அமர்ந்த நாளிலிருந்து விவாதத்தில் கலந்துகொள்வதில்லை. ‘தயவுசெய்து அமருங்கள்’, ‘அது ஒழுங்குப் பிரச்சினை அல்ல’ என்பன போன்ற அரை வரிகளிலேயே அவருடைய ஐந்து வருடங்கள் கழிந்துவிடுகின்றன. எழுத வருபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் சோர்ந்து, அவர் வகித்த பதவிகளின் பட்டியலொன்றைத் தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். கொழும்பில் வெளிவரும் மணிவிழா மலர்களிலும் நினைவு மலர்களிலும் நாம் காண்பது பெரும்பாலும் அத்தகைய பட்டியலே. அதற்கு முன்னும் பின்னும் வாழ்த்துச் செய்திகள் இருக்கும்.

பல்கலைக்கழகக் கட்டுரைக்காகவோ பத்திரிகைக்காகவோ தமது ஊரவர் ஒருவரைப் பற்றிய நூலுக்காகவோ இந்த வேலையில் இறங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொழும்பில் இருந்தால் வேண்டியவற்றில் பெரும்பகுதியை ஒரே நகருக்குள் தேடிக்கொள்ளலாம் என்பது நமக்குள்ள வசதி.

முதலில் எந்தச் சபை என்று பாருங்கள்

‘இலங்கையின் சபாநாயகர்’ என்று பொதுவாக எழுதிவிடுவது பிழைகளுக்கு வழி திறக்கும். 1931 முதல் 1947 வரை இருந்தது அரசாங்க சபை. 1947 முதல் 1972 வரை பிரதிநிதிகள் சபை. 1972 முதல் 1978 வரை தேசிய அரசுப் பேரவை. அதன் பின்னரே இன்றைய பாராளுமன்றம். 1971 வரை மேலவையான செனற் சபையும் தனியாக இயங்கியது. அதற்குத் தலைமை தாங்கியவரைச் சபாநாயகர்களின் வரிசையில் சேர்க்கக் கூடாது. ஸ்ரான்லி திலகரத்ன 1970இல் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகராகி, 1972இல் யாப்பு மாறிய பின்னரும் 1977 வரை அதே ஆசனத்தில் இருந்தவர். ஆகவே அவருக்கு இரண்டு சபைகளின் பெயரையும் எழுதவேண்டும். கட்டடமும் மாறியிருக்கிறது. 1978 முதல் 1983 வரை சபாநாயகராக இருந்த எம். ஏ. பாக்கீர் மாக்கார், காலிமுகத்திடலின் பழைய கட்டடத்திலும், 1982 ஏப்ரலில் திறக்கப்பட்ட ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டைக் கட்டடத்திலும் தலைமை தாங்கியவர். அவருடைய முதல் மூன்றரை வருடங்களை எழுதும்போது புதிய கட்டடத்தைச் சூழ்ந்த தியவன்னா ஓயாவை வர்ணித்துவிட்டால், விடயம் தெரிந்த வாசகர் அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிடுவார்.

சபையைத் தீர்மானித்த பின், ஒரு தாளை எடுத்து மூன்றாகப் பிரித்து, ஆசனத்துக்கு முன், ஆசனத்தில், ஆசனத்துக்குப் பின் என்று தலைப்பிட்டுக்கொள்ளுங்கள். எம். எச். முஹம்மதை எடுத்துக்கொண்டால் முதற் கட்டத்தில் கொழும்பு மாநகர முதல்வர் பதவி, 1965இல் பொரளைத் தொகுதி, தொழில் அமைச்சு, 1977இல் மீண்டும் பொரளை, போக்குவரத்து அமைச்சு ஆகியன வரும். நடுக் கட்டத்தில் 1989 முதல் 1994 வரையான ஐந்து வருடங்கள் வரும். மூன்றாவது கட்டம் வெறுமையாக இருக்கும் என்று நினைத்தால் தவறு. ஆசனத்தை விட்டிறங்கிய பின்னரும் அவர் அமைச்சராக இருந்திருக்கிறார். இந்த மூன்றாவது கட்டத்தைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

ஆசனத்துக்கு முந்திய வாழ்வு

இதை விரைவாகவே முடிக்கலாம். 1977 வரையான தேர்தல்களில் வேட்பாளர் ஒரு தொகுதியில் நின்றார். பெற்ற வாக்கும் பெரும்பான்மையும் தெளிவாகக் கிடைக்கும். 1989 தேர்தலிலிருந்து மாவட்டப் பட்டியலும் விருப்பு வாக்கும் வந்தன. தேசியப் பட்டியல் வழியாக உள்ளே வந்தவருக்குச் சொந்த வாக்கு எண்ணிக்கையே இராது. ஒருவர் எந்த வழியாகச் சபைக்கு வந்தார் என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் மக்களிடம் வாக்குக் கேட்டுப் போகவேண்டியவர் ஆசனத்தில் நடந்துகொள்ளும் விதமும், அந்தத் தேவை இல்லாதவர் நடந்துகொள்ளும் விதமும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை.

கட்சி மாறிய ஆண்டுகளை மறைக்காதீர்கள். ஊர் மலர்களில் வழமையாகக் காணாமற்போவது இந்த ஆண்டுகள்தான். அநுர பண்டாரநாயக்க 1980களில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்து, 1993இல் ஐக்கிய தேசியக் கட்சிக்குச் சென்றவர். கரு ஜயசூரிய 2007இல் தமது கட்சியினர் சிலருடன் அரசாங்கத் தரப்புக்குச் சென்று அமைச்சராகி, அடுத்த வருட இறுதியில் திரும்பி வந்தவர். பின்னாளில் இவர்கள் ஆசனத்தில் நடந்துகொண்ட விதத்தை எடைபோட இந்தத் தகவல்கள் வேண்டும். கரு ஜயசூரியவைப் பற்றி எழுதும்போது இவற்றை விட்டுவிட்டு, 2018 நவம்பரில் அவர் சபையை நடத்தியதை (பின்னால் சொல்கிறேன்) மட்டும் எழுதினால் அது துதி. 2007ஐ மட்டும் எழுதினால் அது வசை.

பட்டங்கள் குறித்து ஓர் எச்சரிக்கை. 2024 நவம்பர் 21 அன்று தெரிவான அசோக ரன்வல, தமது கலாநிதிப் பட்டம் பற்றிய சர்ச்சை எழுந்ததையடுத்து டிசெம்பர் 13 அன்று பதவி விலகினார். 17ஆம் திகதி ஜகத் விக்கிரமரத்ன தெரிவானார். பெயருக்கு முன்னால் போடப்படும் எந்தப் பட்டத்தையும், வழங்கிய நிறுவனத்தையும் ஆண்டையும் கண்டுபிடிக்காமல் எழுதாதீர்கள். அந்தச் சர்ச்சைக்கு முன்னரும் இதுவே நல்ல பழக்கம். இப்போது அதன் காரணத்தை யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

ஆசனத்தில் இருந்த காலம்

நீங்கள் அதிக நேரம் செலவிடவேண்டியது இங்கேதான். அவர் எப்படித் தெரிவானார் என்பதில் தொடங்குங்கள். யாப்பின் 64ஆம் உறுப்புரைப்படி புதிய பாராளுமன்றம் கூடும் முதல் நாளிலேயே சபாநாயகரும் பிரதிச் சபாநாயகரும் குழுக்களின் பிரதித் தவிசாளரும் தெரிவாகவேண்டும். பெரும்பாலும் போட்டி இருப்பதில்லை. ஒருவர் முன்மொழிய மற்றவர் வழிமொழிய, கட்சித் தலைவர்கள் வாழ்த்திப் பேசுவதோடு முடிந்துவிடும். போட்டி நடந்திருந்தால் அதுவே உங்கள் நூலின் ஓர் அத்தியாயம். 2004 ஏப்ரல் 22 அன்று டபிள்யூ. ஜே. எம். லொக்குபண்டார, ஆளும் தரப்பு நிறுத்திய டி. ஈ. டபிள்யூ. குணசேகரவை 110க்கு 109 என்ற வாக்குகளால் வென்றார். அரசாங்கம் தன் வேட்பாளரை வெல்லவைக்க முடியாத சபை எத்தகையது என்பது அந்த ஒரு வாக்கிலேயே தெரிந்துவிடுகிறது. 1960 மார்ச்சில் ரி. பி. சுபசிங்க தெரிவானதும் அப்படித்தான்; அவர் ஆசனத்தில் அமர்ந்து ஒரு மாதம் நிறைவதற்குள் சபையே கலைக்கப்பட்டது.

அடுத்தது ஹன்சாட். அண்மைக்கால ஹன்சாட்டுகள் பாராளுமன்ற இணையத்தளத்தில் கிடைக்கின்றன. பழையவற்றைக் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் காப்பகத்திலும் பெரிய நூலகங்களிலும் தேடவேண்டும். அடையாள அட்டையையும் பென்சிலையும் எடுத்துச் செல்லுங்கள், காலையிலேயே போய்விடுங்கள்.

புதிதாக வாசிப்பவருக்கு ஹன்சாட்டில் சில பொறிகள் உண்டு. முதலாவது மொழி. உறுப்பினர் எந்த மொழியில் பேசினாரோ அதே மொழியில்தான் உரை அச்சாகும். தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு முழு ஹன்சாட்டும் திறக்காது. சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளாமல் இந்த வேலையில் இறங்கவேண்டாம். இரண்டாவது, அட்டையில் ‘பிழை திருத்தப்படாதது’ என்று அச்சிடப்பட்டிருக்கும் பிரதி. அந்தப் பிரதி கைக்கு வந்த இரண்டு வாரங்களுக்குள் உறுப்பினர்கள் தமது திருத்தங்களை ஹன்சாட் பதிப்பாசிரியருக்கு அனுப்பலாம். ஆகவே முக்கியமான வாசகத்தை எடுத்தாளும்போது எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள் என்று குறித்துவைக்கவேண்டும். ஆசனத்தின் கட்டளைப்படி அகற்றப்பட்டது என்று அடைப்புக்குறிக்குள் ஒரு வரி மட்டும் இருக்கும் இடங்களையும் கவனியுங்கள். என்ன அகற்றப்பட்டது என்பது அங்கே தெரியாது. அகற்றச் சொன்னவர் யார், எவருடைய பேச்சு என்பன தெரியும். ஒரு கூட்டத்தொடர் முழுவதிலும் இந்த வரிகளை எண்ணி, அவை எந்தத் தரப்பின் பேச்சுகளில் அதிகம் என்று பார்த்தால், புகழுரைகளில் இல்லாத ஒரு செய்தி கிடைக்கும்.

மூன்றாவது பொறியில் நானே விழுந்திருக்கிறேன். சபாநாயகர் நாள் முழுவதும் ஆசனத்தில் இருப்பதில்லை. அவர் எழுந்துபோனதும் பிரதிச் சபாநாயகரோ பிரதித் தவிசாளரோ சபை உறுப்பினர் ஒருவரோ தலைமை தாங்குவார். மாற்றம் நிகழ்ந்ததைப் பதிவுசெய்யும் குறிப்பு பக்கத்தின் நடுவே ஓரிரு வரிகளில் மட்டும் வரும். அதன் பிறகு ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் மேலே உள்ள தலைப்பு மாறியிருக்கும். பல வருடங்களுக்கு முன் ஒரு பத்திரிகைக்கு நான் எழுதிக் கொடுத்த கட்டுரையில், பிற்பகலில் உறுப்பினர் ஒருவரை வெளியேறச் சொன்ன கட்டளையைச் சபாநாயகரின் துணிவுக்கு உதாரணமாகப் போட்டிருந்தேன். அந்நேரம் தலைமை தாங்கியவர் வேறொருவர். பக்கத்தைப் பின்னோக்கிப் புரட்டிப் பார்க்காதது என் பிழை. அச்சில் வந்த பிறகுதான் ஒரு வாசகர் தொலைபேசியில் சொன்னார். அன்று முதல் எந்த மேற்கோளையும் எழுதுவதற்கு முன், கடைசியாக ஆசனம் மாறிய இடம் வரை பின்னோக்கிப் போய்ப் பார்க்கிறேன்.

பிரதிப் பதவிகளில் இருந்தவர்களைத் தமிழ் வாசகர்கள் தவறவிடக் கூடாது என்பதற்கு வேறு ஒரு காரணமும் உண்டு. சுதந்திரத்துக்குப் பின் தமிழர் எவரும் சபாநாயகராகவில்லை. ஆனால் உடுப்பிட்டி உறுப்பினர் மு. சிவசிதம்பரம் 1968 முதல் 1970 வரை பிரதிச் சபாநாயகராக இருந்தார். பிற்காலத்தில் முருகேசு சந்திரகுமார், செல்வம் அடைக்கலநாதன், அங்கஜன் இராமநாதன் ஆகியோர் பிரதித் தவிசாளர்களாக இருந்தனர். இவர்கள் தலைமை தாங்கிய மணிநேரங்களைத் தொகுத்து எழுதினால் அது தனியொரு ஆய்வாகும்.

இனித் தீர்ப்புகள். சபாநாயகர் ஒருவர் உண்மையில் என்ன நினைத்தார் என்பதை அறிய அவர் எழுதி வாசித்த தீர்ப்புகளைத் தவிர வேறு நல்ல சான்று இல்லை. தீர்ப்பு வழங்கப்பட்ட நாளோடு நிறுத்தாமல், அது பின்னர் எங்கே எடுத்தாளப்பட்டது என்றும் தேடவேண்டும். 2001இல் பிரதம நீதியரசர் சரத் என். சில்வாவைப் பதவி நீக்கக் கோரிய குற்றப் பிரேரணை தொடர்பில், தெரிவுக்குழுவை நியமிப்பதைத் தடுத்து உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. சபாநாயகரைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இல்லை என்று அநுர பண்டாரநாயக்க ஜூன் 20 அன்று தீர்ப்பளித்தார். அதற்கு அடுத்த மாதமே சபை அமர்வு நிறுத்தப்பட்டதால் அந்தப் பிரேரணை எங்கும் போய்ச் சேரவில்லை. தீர்ப்பு மட்டும் ஹன்சாட்டில் தங்கிவிட்டது. பதினொரு வருடங்களுக்குப் பிறகு, 2012இல், பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவின் விடயத்தில் நீதிமன்றம் அறிவித்தல் அனுப்பியபோது, சமல் ராஜபக்ஷ அதே தீர்ப்பை முன்னுதாரணமாகக் காட்டி அறிவித்தலை ஏற்க மறுத்தார். 2013 ஜனவரி 11 அன்று அந்தப் பிரேரணை 155க்கு 49 என்ற வாக்குகளால் நிறைவேறியது. 2001இல் சபையின் சுயாதீனத்துக்கான குரலாகப் பலர் போற்றிய ஒரு வாசகம் 2012இல் எதற்குப் பயன்பட்டது என்பதை இரண்டு ஹன்சாட்டுகளையும் பக்கத்தில் வைத்து வாசித்தாலன்றி உணர முடியாது. என் கருத்தில், அநுரவைப் பற்றிய நூல் 2001இல் முடியக் கூடாது. அவர் 2008இல் காலமாகியிருந்தாலும் அந்த அத்தியாயம் 2013இல்தான் முடிகிறது.

ஏற்றுக்கொண்டவற்றைப் போலவே நிராகரித்தவற்றையும் தேடுங்கள். யாப்பின் 38ஆம் உறுப்புரைப்படி ஜனாதிபதிக்கு எதிரான குற்றப் பிரேரணைக்கு மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் ஒப்பமிடவேண்டும். அல்லது பாதிக்குக் குறையாதோர் ஒப்பமிட்டு, குற்றச்சாட்டுகள் விசாரணைக்கு உரியவை எனச் சபாநாயகர் திருப்தியடையவேண்டும். அந்தத் ‘திருப்தி’ என்ற சொல்லில் எவ்வளவு பாரம் உள்ளது என்பதை 1991 காட்டியது. ஜனாதிபதி பிரேமதாசவுக்கு எதிரான பிரேரணையை எம். எச். முஹம்மது முதலில் ஏற்றுக்கொண்டு, பின்னர் செல்லுபடியாகும் ஒப்பங்கள் போதாது என்று நிராகரித்தார். இந்த இடைவெளியை எழுத ஹன்சாட் போதாது. அந்த வருடம் ஓகஸ்ட் இறுதியிலிருந்து ஒக்டோபர் வரை வெளிவந்த பத்திரிகைகளை, அரச பத்திரிகை ஒன்றும் தனியார் பத்திரிகை ஒன்றுமாக, ஒவ்வொரு நாளும் எதிரெதிரே வைத்துப் படிக்கவேண்டும். தமிழில் தினகரனும் வீரகேசரியும் அதற்குப் பொருத்தமான இணை. ஒரே அறிவிப்பு எந்தப் பக்கத்தில், எத்தனை பத்தியில், எந்தத் தலைப்போடு வந்தது என்று ஓர் அட்டவணை போட்டுக்கொண்டால், சபாநாயகரின் மேல் இருந்த அழுத்தத்தின் அளவு தெரியும். அழுத்தம் எங்கிருந்து வந்தது என்பதைச் சான்று கிடைத்தால் மட்டும் எழுதுங்கள்.

கையொப்பம் என்பது மற்றொரு தடம். 79ஆம் உறுப்புரைப்படி சபாநாயகர் சான்றுரை எழுதிய பின்னரே சட்டமூலம் சட்டமாகும். 80ஆம் உறுப்புரைப்படி, அதன் பிறகு அந்தச் சட்டத்தின் செல்லுபடியை நீதிமன்றம் கேள்விக்குட்படுத்த முடியாது. பேசாத மனிதரின் பேனாவுக்கு இவ்வளவு வலிமை. 2024 ஜனவரி 24 அன்று நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலத்தில் மஹிந்த யாப்பா அபேவர்தன பெப்ரவரி 1 அன்று சான்றுரை இட்டார். உயர் நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் முழுமையாகச் சேர்க்கப்படவில்லை என்று எதிர்க்கட்சி வாதிட்டு, அவருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்தது. மார்ச் மாதத்தில் அது 75க்கு 117 என்ற வாக்குகளால் தோற்றது. இத்தகைய விவகாரத்தை எழுதும்போது விவாதத்தின் சூட்டில் சொல்லப்பட்டதை நம்பாமல், நீதிமன்றத்தின் தீர்மானம், குழுநிலைத் திருத்தங்கள், சான்றுரையிடப்பட்ட சட்டம் ஆகிய மூன்றையும் மேசையில் விரித்து வாசகம் வாசகமாக ஒப்பிடுங்கள். இரண்டு நாள் வேலை. அதைச் செய்தவர்கள் மிகச் சிலரே.

2018 நவம்பர் 14, 15, 16 ஆகிய மூன்று நாட்களும் தனிக் கவனம் கேட்பவை. ஒக்டோபர் 26இல் பிரதமர் மாற்றப்பட்டு, சபை அமர்வு நிறுத்தப்பட்டு, பின் கலைக்கப்பட்டு, அந்தக் கலைப்பை நீதிமன்றம் தற்காலிகமாகத் தடுத்த பிறகு கூடிய சபை அது. மூன்றாம் நாள் ஆசனத்தை உறுப்பினர்கள் ஆக்கிரமித்திருக்க, கரு ஜயசூரிய பொலிஸாரின் பாதுகாப்புடன் சபைக்குள் வந்து நடவடிக்கையை நடத்தினார். மிளகாய்த்தூளும் நாற்காலியும் பறந்தன. இந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் எல்லோரும் தமக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறார்கள். எழுதுபவர் கேட்கவேண்டிய கேள்வி வேறு: சபையின் நடைமுறை விதிகளான நிலையியற் கட்டளைகள் அன்று எதை அனுமதித்தன, எந்தக் கட்டளை இடைநிறுத்தப்பட்டது, புதிய பிரதமருக்கு எதிரான பிரேரணையில் குரல் வாக்கெடுப்பு என்று அவர் அறிவித்தது எந்த அடிப்படையில்? அந்தக் காலத்தில் நடைமுறையில் இருந்த நிலையியற் கட்டளைப் பதிப்பைத் தேடி எடுங்கள். இன்றைய பதிப்பை வைத்து அன்றைய சபாநாயகரை அளக்கக் கூடாது. அவர் செய்தது சரி என்பதே என் எண்ணம். ஆனால் அதை ஏற்காதவர்கள் எழுப்பிய நடைமுறைக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாத வரலாறு அரைகுறை வரலாறே.

பெயர்கள், எழுத்துகள்

சிறிய விடயம்தான், ஆனால் நாட்கணக்கில் நேரத்தைத் தின்னும். ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் பழைய தமிழ்ப் பத்திரிகைகளைத் தேடும்போது ஒரே பெயரைப் பல விதமாக எழுதித் தேடவேண்டும்: ஜயசூரிய, ஜெயசூரியா, மாக்கார், மார்க்கார், முகம்மது, முஹம்மத், மொஹமட். உங்கள் நூலில் ஒரு வடிவத்தைத் தெரிவுசெய்து கடைசி வரை அதையே எழுதுங்கள்.

ஆசனத்தை விட்டிறங்கிய பின்

பிரித்தானியாவில் சபாநாயகரானவர் கட்சியை விட்டு விலகுவார். பெரிய கட்சிகள் அவருடைய தொகுதியில் போட்டியிடுவதில்லை. நமது செங்கோலும் சபாநாயகர் ஆசனமும் 1949இல் அங்கிருந்து அன்பளிப்பாக வந்தவை. அந்த மரபு மட்டும் கூட வரவில்லை. இங்கே சபாநாயகர் கட்சியின் உறுப்பினராகவே இருக்கிறார். அடுத்த தேர்தலில் அதே கட்சியிடம் வேட்புமனுக் கேட்கவேண்டியவராகவும் இருக்கிறார். ஆனந்ததிஸ்ஸ த அல்விஸ் 1978இல் ஆசனத்தை விட்டு அமைச்சரானார். பாக்கீர் மாக்காரும் அமைச்சரவைக்குச் சென்று, பின்னர் தென் மாகாண ஆளுநராகவும் இருந்தார். சமல் ராஜபக்ஷ 2019இல் மீண்டும் அமைச்சரானார். ஆகவே நடுக் கட்டத்தில் எழுதிய ஒவ்வொரு தீர்ப்பையும் மூன்றாவது கட்டத்தோடு கோடு போட்டு இணைத்துப் பாருங்கள்: தீர்ப்பினால் பயனடைந்தவர்கள் யார், பின்னர் அவருக்குப் பதவி கொடுத்தவர்கள் யார்? தொடர்பு இல்லையென்றால் அதையும் எழுதுங்கள். அது அவருக்குச் சேரவேண்டிய மதிப்பு.

அரசாங்க சபைக்கு 1936 முதல் 1947 வரை சபாநாயகராக இருந்த சேர் வைத்திலிங்கம் துரைசுவாமியின் மூன்றாவது கட்டத்தில் ஒரே ஒரு வரிதான் தேர்தல் பற்றியது. பதினொரு வருடங்கள் ஆசனத்தில் இருந்தவர், 1947 பொதுத் தேர்தலில் தமது ஊர்காவற்றுறைத் தொகுதியிலேயே ஏ. எல். தம்பிஐயாவிடம் தோற்றார். அவ்வளவு காலம் கட்சிச் சண்டைகளுக்கு வெளியே நின்றதுதான் அவரைத் தொகுதியிலிருந்து தூரமாக்கியதா, தீவுப்பகுதி வாக்காளரின் கணக்கு முற்றிலும் வேறா என்பதை அவரைப் பற்றி எழுதுபவர் கண்டுபிடிக்கவேண்டும். தேர்தல் முடிவு அட்டவணையில் அதற்குப் பதில் இல்லை. அந்த வருடம் ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் வெளிவந்த ஈழகேசரி இதழ்களிலிருந்து தொடங்குங்கள். செய்திகளோடு நிற்காமல் கடிதங்கள் வெளிவந்த பக்கங்களையும் வாசியுங்கள்.